பேர் சொல்ல மாட்டேன், ஆனா செட்டு நல்லா இருக்கும்: ஒரு தட்டுவடை வண்டி, 5க்கு 4

சேலத்துல உக்காந்துக்கிட்டு தட்டுவடை செட்டுக்கு ரிவ்யூ எழுதறதே கொஞ்சம் ஓவர்தான், தெருவுக்கு ரெண்டு வண்டி நிக்குது, ஆளாளுக்கு எங்க ஏரியா வண்டிதான் டாப்புனு சண்டைக்கு வருவாங்க, அம்மாபேட்டைக்காரங்ககிட்ட போய் செவ்வாபேட்டை வண்டிய பெருமையா பேசிட்டு முழுசா திரும்பி வந்துர முடியாது. இருந்தாலும் எழுதறேன், காரணம் இருக்குது. வண்டி எங்க நிக்குதுன்னு சொல்ல மாட்டேன், அதுக்கும் காரணம் இருக்குது. போர்டு கிடையாது, ஒரு எல்ஈடி பல்பு, கண்ணாடிப் பொட்டி, எவர்சில்வர் தூக்கு நாலு, அவ்ளோதான் வண்டி. கடைய சொல்லாம என்ன ரிவ்யூன்னு திட்டறவங்க முழுசா படிச்சுட்டு திட்டுங்க.

முதல்ல செட்டு. தட்டுவடை சின்ன சைஸு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வட்டம் போட்டா எவ்ளோ வருமோ அவ்ளோ. வண்டிக்கார அண்ணனோட சம்சாரம் வீட்டுலயே சுட்டுத் தர்றாங்க, எண்ணெ சிக்கு வாடை இதுவரைக்கும் ஒரு நாள் கூட அடிச்சதில்ல, நாலு வருசமா சாப்புடறேன். கீழ ஒரு தட்டுவடை, அதுமேல பச்சை சட்னி, துருவுன பீட்ரூட்டு கேரட்டு, பொடுசா அரிஞ்ச வெங்காயம், பூண்டு போட்டு அரைச்ச சிவப்பு சட்னி, மேல இன்னொரு தட்டுவடை, ஒரு அமுக்கு. அந்த அமுக்குலதாங்க எல்லாம் இருக்குது. ஓவரா அமுக்குனா கீழ இருக்கறது ஒடஞ்சு வாய்க்கு போறதுக்குள்ள கைல கொட்டிரும், அமுக்காம விட்டா காரம் ஒரு பக்கம் தட்டுவடை ஒரு பக்கம்னு தனித்தனியா நிக்கும். பல வண்டில இது சரியா வராது. இங்க வரும்.

ஏன் வருதுன்னா அங்க செட்டு போடற தம்பி. நாலு தட்ட வரிசையா வச்சுக்கிட்டு சீட்டு போடற மாதிரி இருவது தட்டுவடையும் சரசரன்னு எறங்கும், சட்னிய ஸ்பூன் பின்பக்கமா ஒரு இழுப்பு, பீட்ரூட்ட மூணு விரல்ல எடுத்து தூவறது, எடுக்கற அளவு எடை போட்ட மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரே அளவு. மேல் தட்டுவடைய வச்சு நடுவிரலால மட்டும் ஒரு அமுக்கு. கைய பாக்கறதே இல்ல, அடுத்து நிக்கறவங்க மூஞ்சிய பாத்து காரம் தூக்கலாவா கம்மியாவான்னு கேட்டுக்கிட்டே இருப்பான். ரெண்டாவது தடவ போனா கேக்க மாட்டான், ஞாபகம் வச்சிருப்பான். எனக்கு பச்சை தூக்கலா, சிவப்பு பேருக்கு. என்னோட வர்ற ஜெராக்ஸ் கடை பொண்ணுக்கு சிவப்பு மட்டும், கண்ணுல தண்ணி வரணும்.

வெல சாதா செட்டு அஞ்சு 30 ரூபா, தக்காளி செட்டு 40, தட்டுவடைய நொறுக்கிக் கலந்து தர்ற நொறுக்கல் 40, முட்டை நொறுக்கல் 50. மாங்கா சீசன்ல மாங்கா செட்டு போடுவாங்க, அத மட்டும் விட்றாதீங்க. முறுக்கு செட்டு சுமாரு, முறுக்கு வெளிய வாங்கறாங்க போல. கொறைன்னு பாத்தா பீட்ரூட்ட சாயந்திரமே மொத்தமா துருவி வச்சர்றாங்க, எட்டு மணிக்கு மேல போனா தண்ணி விட்டுக்கிட்டு தட்டுவடைய நமுத்துப் போக வைக்குது. உக்கார ஒரு ஸ்டூல் கூட கிடையாது, தண்ணி ட்ரம்முக்கு ஒரே ஒரு டம்ளரு. இதுக்குதான் ஒரு மார்க்கு கொறச்சேன்.

இப்ப காரணத்துக்கு வர்றேன்.

கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி எங்க ஏரியா வாட்ஸப் குரூப்புல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. வண்டி ஃபோட்டோ, தம்பி ஃபோட்டோவ ஜூம் பண்ணி, "இந்த வண்டில நிக்கறவன் யாருன்னு தெரியுமா, கொலைக்கேசு, பதினேழு வயசுன்னு சொல்லி தப்பிச்சு வந்தவன், கொழந்தைங்கள அனுப்பாதீங்க"ன்னு. சாயந்திரம் ஆறு மணிக்கு இருவது பேரு சுத்தி நிக்கற வண்டில மறுநாள் நாலு பேரு நின்னாங்க. அந்த நாலு பேருல நான் ஒருத்தின்னு பெருமையா சொல்லிக்க ஆசதான், ஆனா உண்மைய சொன்னா நானும் ரெண்டு நாள் போகல. மூணாவது நாள்தான் போனேன்.

நான் கோர்ட்டுக்கு பக்கத்துல ஒரு டைப்பிங் சென்டர்ல வேல பாக்கறேன், பதினெட்டு வருசமா மனு, வாக்குமூலம், அஃபிடவிட்டுன்னு வக்கீலுங்களுக்கு அடிச்சுக் குடுத்தே கை தேஞ்சு போச்சு. சட்டம் படிச்சவ இல்ல, ஆனா ஒரே செக்ஷன ஐநூறு தடவ அடிச்சா மண்டைல ஒட்டிக்கும். அதுல ஒண்ணு இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. கேசுல மாட்டுன சிறுவனோட பேரு, ஃபோட்டோ, ஸ்கூலு, அட்ரஸுன்னு அடையாளம் தெரியற எதையும் வெளியிடக் கூடாது, மீறுனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் வரலாம். பேப்பர்காரங்களுக்கு மட்டும்னு நெனைக்கறாங்க, ஃபோன்ல எழுதற நமக்கும் சேத்துதான். குரூப்புல இத போட்டேன். அட்மின் ஃபார்வர்ட டெலிட் பண்ணிட்டாரு, அதுக்குள்ள அது எத்தன குரூப்புக்கு போச்சோ. அதனாலதான் வண்டி எங்கன்னு நானும் சொல்லல. கேசு எந்த ஊரு, எந்த வருசம், யாரு செத்தாங்க, எதுவும் இங்க இருக்காது. கொலைக்கேசுங்கறது நெசம், அப்ப அவனுக்கு பதினாறு தாண்டி கொஞ்ச மாசம், கூட இருந்தவங்க எல்லாம் அவனவிட பெரியவங்க. இவ்ளோ போதும்.

குரூப்புல அப்பறம் ஓடுன சண்டைதான் சண்ட. மொத்தமா சேத்துப் பாத்தா எல்லாரும் கேட்டது ஒண்ணுதான், கொலை பண்ண வயசு இருக்குது, தண்டனை வாங்க வயசு இல்லையா? எங்க வீட்டுக்காரரும் அதே கட்சி. அவரு கொலுசு பட்டறைல இருக்காரு, சோறு திங்கும்போதே ஆரம்பிச்சாரு, "பதினேழு வயசுல நான் பட்டறைல ஊது குழாய வாயில வச்சுக்கிட்டு பத்த வச்சிட்டு இருந்தேன், நல்லது கெட்டது தெரியாமயா இருந்துச்சு எனக்கு, எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் பண்றானுங்க"ன்னு. நான் ஒண்ணுதான் கேட்டேன், சரிங்க, பட்டறை சாவிய முதலாளி உங்க கைல எப்ப குடுத்தாருன்னு. சோத்த பெசஞ்சுக்கிட்டே யோசிச்சு, "இருபத்தஞ்சு இருக்கும்"ன்னாரு. பதினேழுல ஏன் குடுக்கலன்னு கேட்டா, "அந்த வயசுல எவன் குடுப்பான், ஒரு சினிமாவுக்கு போறதுக்கு ரெண்டு கிராம் வெள்ளிய தூக்கிட்டு போயிருவோம்"ன்னு அவரே சொல்றாரு. அப்பறம் அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. கட்சி மாத்திக்கல, அது வேற.

நான் மட்டும் என்ன பெரிய யோக்கியமா, 2012 டிசம்பர்ல டெல்லி பஸ்சுல நடந்த கொடுமைக்கு அப்பறம் நானும் இப்படித்தான் பேசுனேன். அதுல ஆறு பேரு, ஒருத்தன் 2013ல திகார் ஜெயில்லயே செத்துட்டான், நாலு பேர 2020 மார்ச்சுல தூக்குல போட்டாங்க, பதினெட்டுக்கு சில மாசம் கம்மியா இருந்த ஒருத்தன் மட்டும் மூணு வருசம் சிறுவர் சீர்திருத்த இல்லத்துல இருந்துட்டு 2015 டிசம்பர்ல வெளிய வந்துட்டான். அன்னிக்கு டீக்கடைல இருந்து டிவி வரைக்கும் கொதிச்சாங்க, அவன் வந்த ரெண்டே நாள்ல ராஜ்யசபால புதுச் சட்டம் பாஸாச்சு, 2016 ஜனவரி 15ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி 2000த்துல வந்த சட்டப்படி பதினெட்டுக்கு கீழன்னா என்ன பண்ணியிருந்தாலும் அதிகபட்சம் மூணு வருசம்தான். அதுக்கும் முந்தி 1986 சட்டத்துல பையனுக்கு பதினாறு, பொண்ணுக்கு பதினெட்டுன்னு கோடு வேற எடத்துல இருந்துச்சு. இவ்ளோ ஏன், இந்தியாவுலயே முதல் சிறுவர் சட்டம் போட்டது நம்ம மெட்ராஸ் மாகாணம்தான், 1920ல. நூறு வருசமா கோட்ட அங்கிட்டும் இங்கிட்டும் நகத்திக்கிட்டே இருக்கோம்.

புதுச் சட்டத்துல என்னன்னா, பதினாறுல இருந்து பதினெட்டுக்குள்ள இருக்கறவன் கொடுங்குற்றம் பண்ணிட்டா, அதாவது குறைஞ்சபட்ச தண்டனையே ஏழு வருசமோ அதுக்கு மேலயோ இருக்கற குற்றம், இளைஞர் நீதிக் குழுமம் மொதல்ல ஒரு மதிப்பீடு பண்ணணும். குழுமம்னா ஒரு மாஜிஸ்ட்ரேட்டு, ரெண்டு சமூக சேவகருங்க, அதுல ஒருத்தராவது லேடி. பையனுக்கு அந்தக் குற்றத்த பண்ற மனபலமும் உடல்பலமும் இருந்துச்சா, விளைவு என்னன்னு புரியுமா, எந்தச் சூழ்நிலைல பண்ணான், இதத்தான் பாக்கணும், மூணு மாசத்துக்குள்ள. பெரியாளா விசாரிக்கணும்னு தோணுச்சுன்னா குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், அங்க அவங்க மறுபடியும் பாத்து முடிவு பண்ணுவாங்க. பெரியாளா தண்டனை குடுத்தாலும் தூக்கு கிடையாது, வெளியவே வர முடியாத ஆயுளும் கிடையாது. இருபத்தொண்ணு வரைக்கும் பாதுகாப்பு இடம்னு ஒண்ணு, அதுக்கு மேல மிச்சம் இருந்தா ஜெயிலு. நிறைய பேரு பதினெட்டுக்கு கீழன்னா விட்ருவாங்கன்னே இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, பத்து வருசம் ஆச்சுங்க மாறி. இதுலயும் பெரிய பணக்காரன் பையன் கதை வேற, 2024 மேல புனேல கார ஏத்தி ரெண்டு பேரக் கொன்ன பதினேழு வயசுப் பையனுக்கு முந்நூறு வார்த்தைல கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் குடுத்தாங்களே, நாடே காறித் துப்புச்சு, எனக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா அடுத்தவன் கட்டுரைக்கு எரிஞ்ச வயித்த வச்சுக்கிட்டு வேற ஒரு பையன் தலைல தீர்ப்பு எழுதக் கூடாது.

சரி அந்த மூணு கேள்விய எடுத்துக்கங்க. விளைவு புரியுமா? எம்பையன் இப்ப பிளஸ் ஒன். போன லீவுல எனக்குத் தெரியாம என் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு ட்ரிபிள்ஸ் ஏற்காடு போயிட்டான், இருவது ஹேர்பின் பெண்டு, மழை பேஞ்ச ரோடு, ஹெல்மெட்டு ஒருத்தனுக்குத்தான். ஒண்டிக்கடை கிட்ட எங்க தெரிஞ்சவங்க ஒருத்தரு பாத்து ஃபோன் பண்ணித்தான் எனக்கே தெரியும். சாயந்திரம் உக்கார வச்சு கேட்டேன், ஏண்டா, விழுந்தா என்னாகும்னு தெரியாதா உனக்குன்னு. தெரியும்ங்கறான். எல்லாம் தெரியும் அவனுக்கு, லைசன்ஸ் வயசு தெரியும், சின்னப்பையன் ஓட்டுனா வண்டிய குடுத்த அப்பா அம்மாவுக்கு 25,000 அபராதமும் மூணு வருசம் வரைக்கும் ஜெயிலும் தெரியும், ஸ்கூல்ல போலீஸ்காரங்க வந்து சொல்லிட்டு போயிருக்காங்க, வரி மாறாம ஒப்பிக்கறான். அப்பறம் ஏண்டா போனேன்னா, "அவனுங்க ரெண்டு பேரும் ஏறி உக்காந்துட்டானுங்கம்மா"ங்கறான். அவ்ளோதான் பதிலு. வேற பதிலே இல்ல அவன்கிட்ட, நானும் ஒரு மணி நேரம் நோண்டிப் பாத்துட்டேன்.

இவனத் தனியா ஒரு ரூம்புல உக்கார வச்சு, ஃபேன் போட்டு, எதுத்தாப்புல ஒரு மேடம் உக்காந்து விளைவு புரியுமாப்பான்னு கேட்டா நூத்துக்கு நூறு வாங்குவான். ஏறி உக்காந்த ரெண்டு பேரு அந்த ரூம்புல இருக்க மாட்டாங்களே. அதுவும் மாசக்கணக்குல கழிச்சு கேக்கறாங்க, அன்னிக்கு ராத்திரி அவன் மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு. 2022ல சுப்ரீம் கோர்ட்டே, ஹரியானா ஸ்கூல் கொலைக் கேசுல, இந்த மதிப்பீடு ரொம்ப நுணுக்கமான வேல, குழுமத்துல குழந்தை மனநலம் படிச்சவங்க இல்லன்னா நிபுணர கட்டாயம் வச்சுக்கணும்னு சொல்லுச்சு. கொடுங்குற்றம்னா கத்தி அருவா மட்டும்னு வேற நெனச்சுக்கறோம். பதினேழு வயசுப் பையனும் பதினாறு வயசுப் பொண்ணும் ஓடிப்போய் மேட்டூர்ல ஒரு ரூம்புல இருந்துட்டு வந்தா போக்சோ, அதுல குறைஞ்சபட்சமே பத்து வருசம், அப்ப அதுவும் அதே லிஸ்டுதான். அந்த மாதிரி மனு வந்தா எங்க சென்டர்ல யாரும் பேச மாட்டோம், அடிச்சு முடிக்கற வரைக்கும் கீபோர்டு சத்தம் மட்டும்தான்.

இன்னொரு பக்கம் இருக்குது, அத சொல்லாம விட்டா நான் பொய் சொல்றவ ஆயிருவேன். கொஞ்ச வருசத்துக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க, கையில மஞ்சப்பை, வக்கீல் எழுதிக் குடுத்த பேப்பரு. அவங்க பையன வெட்டிட்டாங்க, பண்ணவனுங்கள்ல ஒருத்தன் பதினேழு வயசு, அவன பெரியாளா விசாரிக்கணும்னு ஆட்சேபணை. பக்கத்துக்கு எவ்ளோம்மான்னு கேட்டாங்க, சொன்னேன், மூணு பக்கத்துக்கு உண்டான காச மொதல்லயே எண்ணி மேசைல வச்சுட்டு எம் பின்னாடியே நின்னுக்கிட்டாங்க. ஸ்கிரீன்ல பையன் பேரு வந்தப்ப, "இன்ஷியல் கே இல்லீங்க சாமி, எம்"ன்னாங்க. மாத்துனேன். ஒவ்வொரு எடத்துலயும் விரல வச்சு காட்டி காட்டி மாத்த வச்சாங்க, ஒம்போது எடம். ஒம்போது தடவையும் அந்தப் பேருக்கு முன்னாடி 'இறந்துபோன'ன்னு இருந்துச்சு. படிக்கத் தெரியாதவங்க அவங்க, அந்தப் பேரு மட்டும் எழுத்து தெரியும். அவங்ககிட்ட போய் பதினாறு வயசு மூளை அப்படிங்க, சூழ்நிலை இப்படிங்கன்னு என்னால பேச முடியாது, பேசவும் கூடாது. 2023 ஆகஸ்ட்டுல நாங்குநேரில பள்ளிக்கூடத்துப் பசங்களே வீடு புகுந்து கூடப் படிச்ச பையனையும் அவன் தங்கச்சியையும் வெட்டுனானுங்களே, சாதி வெறில, அந்தப் பையன் அடுத்த வருசம் கை சரியாகாம ஆள் வச்சு பரீட்ச எழுதி 469 மார்க்கு வாங்குனான். வெட்டுனவனுங்களும் சிறுவனுங்கதான். அத பாத்து எனக்கு பாவம்லாம் வரல.

அதனால என் கட்சி என்னன்னு கேட்டா, பெரியாளா தண்டிக்கணும்னு சொல்றவங்க பக்கம் இப்ப நான் இல்ல, மூணு வருசத்துல எல்லாரையும் அனுப்பிரணும்னு சொல்றவங்க பக்கமும் முழுசா இல்ல. சட்டத்துல எனக்கு ரொம்ப புடிச்சது பிரிவு 20, குழந்தைகள் நீதிமன்றம் தண்டிச்சவன் இருபத்தொண்ணு ஆகும்போது திருந்திருக்கானா, உருப்படியா வாழுவானான்னு மறுபடியும் பாக்கணும், நல்லா இருக்கான்னா நிபந்தனையோட வெளிய விடலாம், இல்லன்னா மிச்ச தண்டனைக்கு ஜெயிலுக்கு அனுப்பலாம். அந்தக் கேள்விதாங்க சரியான கேள்வி, சரியான வயசுல கேக்கற கேள்வி. பதினாறுல நீ யாருன்னு கேட்டா அவனுக்கே தெரியாது. ஆனா அந்தப் பரீட்சைக்குப் போகணும்னாலே மொதல்ல பெரியாளுன்னு முத்திரை குத்திக்கணும்ங்கறது என்ன நியாயமோ. அந்த முத்திரை விழுந்தா சும்மா போகாது, மத்த சிறுவருங்களுக்கு பழைய கேசால வேலைக்கோ எதுக்கோ தகுதி போகாதுன்னு பிரிவு 24 சொல்லுது, இவங்களுக்கு அந்த சலுகை கிடையாது. அமெரிக்காவுல ரொம்ப காலமா சின்னப்பசங்கள பெரியவங்க கோர்ட்டுக்கு தள்ளிக்கிட்டு இருந்தாங்க, 2007ல அவங்க அரசாங்கத்து நோய்த் தடுப்பு மையம் சிடிசியோட சேந்த ஒரு நிபுணர் குழு அதுவரைக்கும் வந்த ஆய்வெல்லாம் வச்சுப் பாத்துட்டு, அப்படித் தள்ளுன பசங்க திரும்ப வன்முறைல மாட்டறது கூடத்தான் செஞ்சிருக்கு, கொறையலன்னு சொல்லிட்டாங்க. பெரிய ரவுடிங்களோட அஞ்சு வருசம் ஒரே பிளாக்குல படுத்து எந்திரிச்சா என்ன படிச்சுட்டு வருவான், கம்ப்யூட்டர் கோர்ஸா?

இல்லம்னா ஏதோ லாட்ஜு மாதிரி ஜாலியா இருந்துட்டு வருவானுங்கன்னு ஒருத்தரு குரூப்புல போட்டாரு. ரயில்வே பேட்டரி திருடுனான்னு புடிச்சுட்டுப் போன பதினேழு வயசுப் பையன் 2022 கடைசி நாள் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துல இருந்தபடியே செத்தான், அடிச்சுக் கொன்னதா இல்லத்து ஊழியர்களே கைதானாங்க, அதுக்கப்பறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவ போட்டு இல்லங்கள எப்படி சீர்படுத்தறதுன்னு அரசாங்கம் அறிக்கை கேட்டுச்சு. ஜாலியாம்.

சரி வண்டிக்கு வர்றேன், பீட்ரூட்டு தண்ணி விடுது.

ஃபார்வர்டு வந்த வாரம் தம்பி முன்னாடி நிக்கவே இல்ல. வண்டிக்குப் பின்னாடி குத்த வச்சு உக்காந்து தட்டு கழுவறது, வெங்காயம் அரியறது, அவ்ளோதான், தலைய தூக்கல. அண்ணன்தான் செட்டு போட்டாரு. நல்லாவே இல்லீங்க. நேர்மையா சொல்லணும்ல ரிவ்யூன்னா, அண்ணன் தங்கமான மனுசன், ஆனா அவரு கை கொலுசு பட்டறை கை மாதிரி கனம், அமுக்குனா அஞ்சுல மூணு ஒடையுது, சிவப்பு சட்னிய பெயிண்டு மாதிரி அப்பி விட்டர்றாரு. அந்த வாரத்துக்கு மட்டும் மார்க்கு போடுன்னா அஞ்சுக்கு ரெண்டுதான்.

அன்னிக்கு நான் நிக்கும்போதே புல்லட்டுல ஒருத்தர் வந்து எறங்காமயே, "என்னங்ணா, கொலகாரனல்லாம் வச்சு வண்டி ஓட்டறீங்க, வேற ஆளு கெடைக்கலையா"ன்னு கேட்டாரு. அண்ணன் சண்டைக்குப் போவாருன்னு நெனச்சேன், போகல. "ஆளு கெடைக்காமதானுங்க இருக்கேன், உங்க பையன் வருவானா சொல்லுங்க, ஒரு நாளைக்கு 600 தர்றேன், ரெண்டு நேரம் டீ, சாயந்திரம் நாலு மணிக்கு கரெக்டா வரணும்"னாரு. நக்கலா கேட்ட மாதிரி தெரியல, நெசமாவே விசாரிக்கற மாதிரிதான் கேட்டாரு. புல்லட்டுக்காரரு ஒண்ணும் சொல்லாம கிளம்பிட்டாரு. அண்ணனுக்கு இவன எப்படி தெரியும்னா, நன்னடத்தை அலுவலரா இருந்த ஒரு அம்மா அவரோட பழைய கஸ்டமரு, இப்படி ஒரு பையன் இருக்கான், ஊருக்குள்ள யாரும் சேக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லி கூட்டிட்டு வந்து விட்டாங்களாம். மொத ஆறு மாசம் கல்லாப் பொட்டி பக்கமே விடலங்க்கான்னு அண்ணனே சொன்னாரு. "எனக்கும் பயம்தானுங்க, பொய் சொல்ல மாட்டேன். கத்தி எடுத்து வெங்காயம் அரிஞ்சாலே நானு கொஞ்சம் தள்ளித்தான் நிப்பேன்."

தம்பிகிட்ட நான் அந்த விசயமா எதுவும் கேட்டதில்ல, கேக்கறது தப்புன்னு ஒரு இது. ஒரே ஒரு தடவ அவனா பேச்சு வாக்குல சொன்னான். எங்க சென்டர்ல ஒரு ஃபேர்வெல்லுக்கு அறுவது செட்டு ஆர்டர் குடுத்திருந்தோம், சைக்கிள்ல கொண்டு வந்தான், அரை மணி நேரம் லேட்டு, தட்டுவடை நமுத்துப் போச்சுன்னு நான் சத்தம் போட்டேன். நேரா வந்தா அஞ்சு நிமிசம், எங்கடா சுத்திட்டு வர்றேன்னு கேட்டேன். "அந்தத் தெரு வழியா வர மாட்டேங்க்கா"ன்னான். ஏன்னேன். "அந்த அண்ணனோட அம்மா அங்கதாங்க்கா இருக்காங்க. வாசல்ல உக்காந்திருப்பாங்க." செத்தவர அண்ணன்னுதான் சொல்றான். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசல, பாக்கி 200 ரூபாய ஜிபே பண்ணி விட்டேன். வந்துச்சுங்க்கான்னு ஃபோன காட்டிட்டு போயிட்டான், திரும்பறப்பவும் சுத்திதான் போனான், ஜன்னல்ல இருந்து பாத்தேன்.

அத யோசிச்சுக்கிட்டே இருந்தேன் அன்னிக்கு ராத்திரி. அந்தம்மா இத ஒரு பதிலா எடுத்துக்குவாங்களான்னு கேட்டா, மாட்டாங்க. மஞ்சப்பையோட எம் பின்னாடி நின்ன அம்மாவும் எடுத்துக்க மாட்டாங்க. இருவது வருசம் ஜெயில்ல போட்டிருந்தாலும் அவன் அந்தத் தெரு வழியா போகாமதான் இருப்பான், ஆனா அது பயத்துல போகாம இருக்கறது. இதுக்கு என்ன பேருன்னு எனக்கு சொல்லத் தெரியல.

பத்து நாள் கழிச்சு கூட்டம் கொஞ்சம் திரும்ப வர ஆரம்பிச்சுது. அதுக்கு என் செக்ஷன் 74 காரணமில்ல, அண்ணன் செட்டு சகிக்க முடியாம நாலஞ்சு ரெகுலர் பொம்பளைங்க, "அந்தத் தம்பியவே போடச் சொல்லுங்கண்ணா"ன்னு கத்துனாங்க, அதான் காரணம். நெசமாத்தான். கை கழுவிட்டு முன்னாடி வந்தான், மொத ரெண்டு தட்டுக்கு கை கொஞ்சம் நடுங்குச்சு, ஒண்ணு ஒடஞ்சுது, ஒடஞ்சத எடுத்து ஓரமா வச்சுட்டு புதுசா போட்டுக் குடுத்தான். ஓரமா வச்சத அண்ணன் எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு.

போன வாரம் எம்பையனையும் கூட்டிட்டு போனேன். யாரு என்னன்னு அவன்கிட்ட சொல்லல, பழைய ஃபார்வர்ட அவன் பாத்திருப்பானோ என்னவோ, பாத்திருந்தா அவனும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு செட்டு, ஒரு முட்டை நொறுக்கல் தின்னான், துன்னுட்டு "அந்த அண்ணா கை ஸ்பீட பாத்தியாம்மா"ங்கறான். ஸ்கூட்டி சாவி இன்னும் என் பையிலதான் இருக்குது, அது வேற விசயம்.

எப்படியோ வண்டிய கண்டுபிடிச்சுட்டீங்கன்னா, ஆறு மணிக்கு முன்னாடி போயிருங்க, பீட்ரூட்டு ஃப்ரெஷ்ஷா இருக்கும், வண்டி நிறுத்தவும் எடம் கெடைக்கும். ஜிபே உண்டு, சில்லறை இல்லன்னா மொகத்த சுளிக்க மாட்டாங்க. சின்னப்புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா காரம் இல்லாம தனியா போட்டுத் தருவான், கேளுங்க. செவ்வாக்கெழம லீவு, மழை பேஞ்சாலும் வண்டி வராது, ஆடில கோட்டை மாரியம்மன் திருவிழா வாரம் வண்டி அங்க போயிரும். பார்சல் வாங்கறவங்க சட்னி ரெண்டையும் தனியா கவர்ல கட்டச் சொல்லி வாங்குங்க, செட்டு போட்டே வாங்கிட்டு போனா வீடு போறதுக்குள்ள எல்லாம் நமுத்துப் போயி சிவப்பா களி மாதிரி இருக்கும், அப்பறம் என்னைய திட்டக் கூடாது.